இறக்கேக்க பிளேன் மூக்கை ஆட்டுதோ? பில்டரை இறுக்காதேங்கோ

பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் அரிவி வெட்டின வயலுக்கை ரெஜிபோமில செய்த ரிமோட் பிளேன் விடுற தம்பியவைக்குத்தான் இது. மேல நல்லாப் பறக்கும், வரம்பைத் தாண்டி ஆள் உயரத்துக்கு வந்தோண்ண மூக்கு மேல கீழ எண்டு ஆடத் தொடங்கி கடைசியா அரிதாளுக்கை குத்தும். உடன எல்லாரும் கைரோ (பிளேன் சுழலுறதை உணருற சென்சர்) பில்டரை இன்னும் இறுக்குவினம். நானும் அப்பிடிச் செய்துதான் ரெண்டு புரொப்பெல்லரை முறிச்சனான்.

பில்டர் மோட்டர் நடுக்கத்தை மட்டும் வெட்டாது, நேரத்தையும் தின்னும். சாதாரண லோ-பாஸ் பில்டர் (குறிச்ச ஹேர்ட்ஸுக்கு மேல உள்ள நடுக்கத்தை வெட்டுறது) 20 ஹேர்ட்ஸில கிட்டத்தட்ட 8 மில்லிசெக்கன் பிந்தும், 5க்கு இறக்கினால் 32. ஸ்டிக் அசைவை மெதுவாக்கிற ஸ்டிக் ஸ்மூத்திங், ரேடியோ, வால் தகட்டை அசைக்கிற சேர்வோ எல்லாம் பிந்துறது அதுக்கு மேல. உயரத்தில இது தெரியாது. நிலம் கிட்ட வர கை பதறி ஸ்டிக்கைக் கெதியாக் கிண்டும், அப்ப பிளேன் முந்தின இழுவைக்கு இப்பதான் திரும்பும், நீங்கள் அதுக்கு எதிரா இழுப்பியள், ஆட்டம் கூடும். 1977 ஒக்டோபர் 26 நாசாவின்ர என்டர்பிரைஸ் ஷட்டிலும் இறங்கேக்க இப்பிடித்தான் ஆடித் துள்ளினது, பிறகு எஃப்-8 விமானத்தில வேணுமெண்டே தாமதத்தைக் கூட்டிப் பறந்து பாத்தவை.

முதல்ல ஆர் ஆட்டுறது எண்டு பிடியுங்கோ. நிலத்துக்குக் கிட்ட வேண்டாம், மேல, தூரத்துப் பனை வட்டுக்கு நேரா உயரத்தை ஒரு முழமும் விடாமப் பிடிக்கப் பாருங்கோ. ஆட்டம் வந்தோண்ண ஸ்டிக்கை நடுவில விடுங்கோ. அடங்கினால் உங்கட கையும் தாமதமும் சேந்து செய்த வேலை. விட்டும் ஆடினால் கெயின் (கைரோ எவ்வளவு பலமாத் திருத்துது எண்ட அளவு) கூட, அதைக் குறையுங்கோ. (ஆமிக் காம்புக்குக் கிட்ட ஏத்தாதேங்கோ, பிளேனும் போகும் பின்னேரமும் போகும்.)

பிறகு நடுக்கத்தை அது பிறக்கிற இடத்திலயே அடக்கோணும். புரொப்பெல்லரின்ர பாரம் குறைஞ்ச இலையில துண்டு டேப் ஒட்டி சமப்படுத்துங்கோ, கைரோ இருக்கிற கொன்ட்ரோலருக்குக் கீழ மெல்லிசா ஸ்பொஞ்ச் வையுங்கோ. கொன்ட்ரோலர் பறக்கேக்க பதிஞ்ச லொக்கை எடுத்துப் பாத்தால் மோட்டரின்ர நடுக்கம் தனிய ஒரு முள்ளு மாதிரி நிக்கும், நிமிசத்துக்கு 9000 சுத்தெண்டால் 150 ஹேர்ட்ஸில. அந்த இடத்துக்கு நொட்ச் பில்டர் போடுங்கோ, அது அந்த ஒரு இடத்தைத்தான் வெட்டும், கைக்குத் தெரியிற அளவுக்குப் பிந்தாது. இனி லோ-பாஸை 20, 30, 40 ஹேர்ட்ஸ் எண்டு படிப்படியா ஏத்தித் தாமதத்தைக் குறையுங்கோ, சோளகம் அடிக்கிற பின்னேரத்தில இல்லை, காலமை காத்து விழுந்து கிடக்கேக்க. ஒவ்வொரு தரமும் இறக்கினோண்ண சேர்வோவைத் தொட்டுப் பாருங்கோ. சுட்டால் நடுக்கம் அதுக்குப் போகுது, ஒரு படி திரும்பி வாங்கோ.