வன்னியில் ஒரு நேரலை நாடகம் நடத்த

பிரித்தானியாவின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடர், தனது 25ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2010 பெப்ரவரி 19 அன்று ஓர் அத்தியாயத்தை முழுவதும் நேரலையாக ஒளிபரப்பியது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உங்கள் நாடகக் குழுவின் ஆண்டு விழாவை இணையத்தில் அவ்வாறே வழங்க விரும்பினால், முதலில் கதையை இரண்டு களங்களுக்குள் அடக்குங்கள்.

ஒத்திகையைக் கமராக்காரரும் ஒலிவாங்கி பிடிப்பவரும் நடிகர்களோடு சேர்ந்து, நிகழ்ச்சி நடக்கவுள்ள அதே பொழுதில், குறைந்தது மூன்று தடவையாவது இடையில் நிறுத்தாமல் செய்து பாருங்கள். ஏனெனில் நேரலையில் வசனத்தைவிட, யார் எப்போது எங்கே நிற்கிறார் என்பதே பெரும்பாலும் சிக்கலாகும். 2015இல் அதே தொடரின் நேரலைக் காட்சியொன்றில் ஒரு நடிகை, இயன் என்னும் பாத்திரத்தை அந்த நடிகரின் சொந்தப் பெயரான அடம் என்று குறிப்பிட்டுவிட்டார். ஆயினும் காட்சி நிற்காமல் தொடர்ந்தது. நீங்களும் அவ்வாறே பழகுங்கள். கோவலன் கூத்து ஆடும் மண்ணுக்கு இது புதிதன்று.

மின்சாரம் தடைப்படக்கூடுமாதலால், ஜெனரேற்றரை அதன் இரைச்சல் ஒலிவாங்கிக்கு எட்டாத தூரத்தில் வைத்து, முன்கூட்டியே இயக்கிப் பாருங்கள். இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளும் தேவை. லண்டன் உறவினர்களும் பார்க்க வேண்டுமாயின், பெப்ரவரியில் இங்கு இரவு 8 மணி என்பது அங்கு பிற்பகல் 2.30 என்று அழைப்பிதழிலேயே குறிப்பிடுங்கள்.