கோட் நோடுக்குள் ஃபைலைப் படிப்பது எப்படி?

வெப்ஹூக்கில் (வெளி ஆப்கள் டேட்டா அனுப்பும் முகவரி) வந்த பிடிஎஃப்பை, வேலைகளைத் தானாக ஓட்டும் என்8என் (n8n) கருவியில், நாமே கோட் எழுதும் கோட் நோடுக்குள் படிக்கப் போகிறீர்களா? ஒவ்வொரு ஐட்டமும் ஜேசன், பைனரி என்று இரண்டு பையோடு வரும், ஃபைல் இருப்பது இரண்டாவது பையில், பெரும்பாலும் ‘டேட்டா’ என்ற பெயரில். அதற்குள்ளும் ஒரு டேட்டா இருக்கும், அதை பேஸ்64 (ஃபைலை வெறும் எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை) என்று நம்பி நேராக டீகோட் செய்யாதீர்கள். நான் செய்தேன். லேப்டாப்பில் ஓடியது, சர்வரில் போட்டதும் குப்பை, ஏனென்றால் அங்கே ஃபைல்களை டிஸ்க்கில் வைக்கும்படி நானே அமைத்திருந்தேன், அந்த இடத்தில் ‘ஃபைல்சிஸ்டம்-வி2’ என்ற குறிப்பு மட்டும்தான் இருந்தது.

சரி, வழி என்ன? ஹெல்பர்ஸில் (this.helpers) உள்ள கெட்பைனரிடேட்டாபஃபர் (getBinaryDataBuffer) ஃபங்ஷனைக் கூப்பிட்டு, ஐட்டத்தின் எண்ணையும் (0-இலிருந்து தொடங்கும்) பைனரியின் பெயரையும் கொடுங்கள், முன்னால் அவெயிட் கட்டாயம், இல்லாவிட்டால் ஃபைலின் பைட்டுகள் அடங்கிய பஃபருக்குப் பதில், ‘பிறகு தருகிறேன்’ என்ற வெறும் ப்ராமிஸ்தான் கைக்கு வரும். பஃபரின் முதல் 4 பைட்டை எழுத்தாக்கிப் பாருங்கள். சதவீதக் குறியும் பின்னால் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் இருந்தால் நிம்மதி; எச்டிஎம்எல் டேக் எட்டிப் பார்த்தால், யாரோ லாகின் பக்கத்தை பிடிஎஃப் என்று பெயர் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அப்புறம், ரிட்டர்ன் செய்யும்போது ஜேசனை மட்டும் அனுப்பினால் ஃபைல் சத்தமில்லாமல் காணாமல் போகும், பைனரியையும் சேர்த்தே அனுப்புங்கள். மாற்றிய ஃபைல் என்றால் பேஸ்64 ஆக்கி, மைம்டைப்பும் (ஃபைலின் வகை) ஃபைல்நேமும் போட்டு வையுங்கள். 30 எம்பி ஃபைல் பேஸ்64இல் 40 எம்பி ஆகிவிடும், மெமரி குறைந்த சர்வரில் ஒரே ரன்னில் பத்துப் பதினைந்து ஃபைலைத் தள்ளாதீர்கள்.