முதல் நாளே டயட் சார்ட் நீட்டாதீர்கள்

புதிதாக டிரெய்னர் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான். ஆள் வந்து உட்கார்ந்ததும் டயட் சார்ட்டை எடுத்து நீட்டாதீர்கள். காலையில் நாலு முட்டையின் வெள்ளைக்கரு, பதினோரு மணிக்கு வெள்ளரிக்காய், ராத்திரி ஓட்ஸ் என்று அச்சடித்த அந்தத் தாள் ஒரு வாரம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். நடந்தால் நல்லது, பஜ்ஜி ஆகாது என்பதெல்லாம் வருகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்ய வைப்பதுதான் நம் வேலை. அதற்கு நாம் வாயைக் குறைத்து, அவரைப் பேச விட வேண்டும்.

நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் நாற்பது தாண்டியவர்கள் அதிகம். டாக்டர் சொல்லி வந்திருப்பார்கள், இல்லையென்றால் வீட்டில் துரத்திவிட்டிருப்பார்கள். கையில் லேப் ரிப்போர்ட் இருக்கும். ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைச் சோதனையில் 6.1 என்று போட்டிருக்கும். 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இந்த இடத்தில் பயமுறுத்துவது ரொம்ப சுலபம். ஆனால் பயந்து வருகிறவர், பயம் தெளிந்ததும் நின்றுவிடுவார்.

வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். முதல் பேச்சு இப்படிப் போனது.

“எதுக்காக வந்தீங்க சார்?”

“வீட்ல சொல்லிட்டாங்க மாஸ்டர்.”

“அவங்க சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு எப்படித் தோணுது?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டு நாமே பதிலை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. அப்புறம் அவரே சொன்னார்: “ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குது. பொண்ணு கல்யாணம் வருது. அந்த நேரத்துல நான் படுத்துறக் கூடாது.”

இதை அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொண்டேன். ‘எடைக் குறைப்பு’ என்று நம் பாஷையில் மாற்றி எழுதினால் அது நம் குறிக்கோள் ஆகிவிடும். இரண்டு மாதம் கழித்து அவர் சோர்ந்துபோய் நிற்கும்போது எடுத்துக் காட்ட வேண்டியது அந்த மாடிப்படியும் கல்யாணமும்தான்.

அடுத்த கேள்வி: “இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு பத்துக்கு மார்க் போடுங்க சார்.” ஆறு என்றார். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். “ஏன் ஒன்பது இல்லை?” என்று கேட்டால், ஆபீஸ் வேலை, முழங்கால் வலி, நேரமில்லை என்று தடைகளை வரிசையாகச் சொல்வார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நியாயமாகப் பட்டுவிடும். “ஏன் மூணு இல்லை?” என்று கேட்டுப் பாருங்கள். மாற வேண்டிய காரணங்களை அவரே அடுக்குவார். குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிவைத்த பேச்சு முறையிலிருந்து வளர்ந்த உத்தி இது. எதிரில் இருப்பவரோடு வாதாடினால் அவர் தன் பழைய பழக்கத்தின் பக்கம்தான் பேசுவார் என்பது அந்த முறையின் அடிப்படை. ஜிம்மில் தினமும் இதைப் பார்க்கலாம்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? அதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். வங்கிக்காரரை ஒரு சாதாரண நாளைக் காலையிலிருந்து ராத்திரி வரை சொல்லச் சொன்னேன். நாலு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. தாளில் அவர் கையாலேயே கணக்குப் போட வைத்தேன். எட்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 32 கிராம். இனிப்பு, பிஸ்கட் எல்லாம் தனி. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர் இப்படிச் சேர்க்கிற சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. டீயை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆபீஸ்ல குடிக்கிற ரெண்டையும் ஒரு ஸ்பூன் ஆக்கிக்கிறேன்” என்றார். “செஞ்சிருவோம்ங்கிற நம்பிக்கை பத்துக்கு எவ்வளவு?” “எட்டு.” ஏழுக்குக் கீழே வந்தால் வேலையை இன்னும் சின்னதாக்குங்கள். ஒரு டீ, அரை ஸ்பூன், எதுவானாலும் சரி. முதல் இரண்டு வாரத்தில் அவருக்குத் தேவை ஜெயித்த அனுபவம்.

உடற்பயிற்சிக்கும் இதே வழிதான். 2020-ல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் சொல்கிறது. அந்த எண்ணை மனதில் வையுங்கள், முதல் நாளே அவர் தலையில் ஏற்றாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடப்பது நல்ல தொடக்கம். ஏற்ற இறக்கமாக இருக்கிற ரத்தச் சர்க்கரைக்கும் அது நல்லது. ‘தினமும் நடப்பேன்’ என்பதோடு விடாமல், எதற்கு அடுத்து என்று முடிச்சுப் போட வையுங்கள்: “ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வச்சதும் செருப்பை மாட்டுவேன்.” மழை பெய்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஐப்பசி வந்தால் கட்டாயம் பெய்யும். அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது பத்து தடவை, மூன்று சுற்று. தெப்பக்குளம் பக்கம் வீடு இருப்பவர்களுக்குக் குளத்தைச் சுற்றும் வழக்கத்தைச் சொல்வேன். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும், துணைக்கு ஆளும் இருக்கும். ஆனால் சாயங்காலம் அங்கே இருக்கும் தீனிக் கடைகளைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

“எனக்குக் கட்டுப்பாடே கிடையாது மாஸ்டர்” என்பவரிடம், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இங்கே பலரும் போட்டிருப்பார்கள். நாற்பத்தியொரு நாள் விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்து, கறி மீன் தொடாமல், சிகரெட்டைக்கூட விட்டவராக இருப்பார். “அது எப்படி முடிஞ்சது?” என்று கேட்டால், கழுத்தில் மாலை இருந்தது, கூட நாலு சாமிகள் இருந்தார்கள், குருசாமி கேட்பார், நேரம் மாறாது என்று சொல்வார். அவருக்கு எது உதவும் என்ற பட்டியல் அங்கேயே இருக்கிறது. கூட்டாளி வேண்டுமா, நேரம் மாறாமல் இருக்க வேண்டுமா, யாராவது கேட்க வேண்டுமா என்று பார்த்து அதை ஏற்பாடு செய்யுங்கள். அடுத்தவர் உதாரணத்தைவிட அவருடைய சொந்த வாழ்க்கையிலேயே ஜெயித்த ஒன்று நூறு மடங்கு வேலை செய்யும். மாலை கழற்றியதும் ஏன் விட்டுப்போனது என்றும் கேளுங்கள். விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, டீக்குச் சர்க்கரை குறைப்பதற்கு இல்லை. அதனால்தான் சின்னதாகத் தொடங்குகிறோம்.

இருபத்தியொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. இதை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள், முகத்தில் தெம்பு வரும்.

எடை மெஷினில் தினமும் ஏற்றாதீர்கள். இடுப்பை இஞ்ச் டேப்பால் மாதம் ஒரு தடவை அளந்தால் போதும். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லைக்கோடு. ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், அதைத் திரும்ப எப்போது பார்ப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மாத்திரை விஷயத்தில் வாயே திறக்கக் கூடாது. குறைக்கவும் சொல்லாதீர்கள், நிறுத்தவும் சொல்லாதீர்கள். ஆனால் என்ன சாப்பிடுகிறார் என்று கட்டாயம் கேட்டு எழுதிவையுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சி நடுவே சர்க்கரை இறங்கலாம். வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே உட்கார வைத்து மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள். நெஞ்சு வலி என்றால் பயிற்சி அந்த நொடியே நிற்க வேண்டும், ஆம்புலன்ஸுக்கு 108.

கடைசியாக, வராமல் போனவர்கள். தை பிறந்தால் கல்யாண வீடு, சித்திரையில் திருவிழா, நடுவில் ஆபீஸ் ஆடிட். ஆள் நிற்பது இயல்பு, அதை முதல் வாரமே சொல்லிவைத்துவிடுங்கள். மூன்று நாள் காணோம் என்றால் நீங்களே போன் போடுங்கள். “ஏன் வரல?” என்று கேட்டால் அடுத்த தடவை போனே எடுக்க மாட்டார். “சார், நாளைக்கு ஆறு மணிக்கு நான் இருக்கேன், பத்து நிமிஷம் போதும்” என்று மட்டும் சொல்லுங்கள். வந்ததும் பழைய வெயிட்டைப் பாதியாக்கிக் கொடுத்து, டீ எத்தனை ஸ்பூனில் நிற்கிறது என்று கேளுங்கள். ரெண்டாக ஏறியிருந்தால் எந்த வேளை டீயில் ஏறியது என்று பார்த்து, அந்த ஒரு டீயை மட்டும் எப்படிக் குடிக்கலாம் என்பதை அவரையே முடிவு செய்ய விடுங்கள்.