மெலினா யார்? கேம் சொல்லாத பிறப்புக்கு ஃபேன் தியரி கட்டும் முறை

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் 2022 பிப்ரவரி 25-ல் வந்தது. அதன் கூடுதல் பகுதியான (டிஎல்சி) ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ 2024 ஜூன் 21-ல் சேர்ந்தது. இரண்டையும் கடைசி வரை ஆடி முடித்தாலும், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நம்மோடு சேர்ந்துகொள்ளும் மெலினா யார் பெற்ற பெண், ஏன் உடம்பில்லாமல் அலைகிறாள், இடது கண்ணை ஏன் மூடியே வைத்திருக்கிறாள் என்று கேம் நேராகச் சொல்வதில்லை. கோவையிலோ ஈரோட்டிலோ நாலு கேமர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஆனால் ஒரு வீடியோவில் கேட்டதை இன்னொரு வீடியோவில் கேட்டது மறுப்பதிலேயே பாதி ராத்திரி ஓடிவிடுகிறது. கேமுக்குள் இருப்பதை மட்டும் வைத்து, யார் கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி ஒரு தியரியைக் கட்ட முடியும். அதற்கான வழி இது.

முதலில் சேவ்

எல்டன் ரிங் தானாகவே சேவ் ஆகிக்கொண்டே இருக்கும், பழைய இடத்துக்குத் திரும்ப விடாது. மெலினாவைப் பற்றிய முக்கியமான தகவல்களோ ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி அமைந்திருக்கின்றன. ஃபோர்ஜ் ஆஃப் தி ஜயண்ட்ஸ் என்ற உலையில் அவள் தன்னையே எரித்துக்கொண்டால் கதை அத்தோடு முடிந்தது. அதற்கு முன்பே லேன்டெல் நகரத்துக்கு அடியில் இருக்கும் த்ரீ ஃபிங்கர்ஸ் என்ற சக்தியிடம் போய் ஃப்ரென்ஸீட் ஃபிளேமை (வெறித்தீயை) வாங்கினால் அவள் உங்களை விட்டுப் போய்விடுவாள். அந்த வழியின் முடிவுக் காட்சியில்தான் இடது கண் திறக்கும். மாலிகெத் என்ற பாஸைக் கொன்ற பிறகு லேன்டெல் சாம்பல் நகரமாகிவிடும், பழைய நகரத்தில் படிக்காமல் விட்டது விட்டதுதான்.

அதனால் மூன்று இடங்களில் சேவ் கோப்பை நகல் எடுங்கள்: லேன்டெலில் மார்காட் என்ற பாஸோடு மோதுவதற்கு முன், த்ரீ ஃபிங்கர்ஸ் கதவைத் திறப்பதற்கு முன், ஃபோர்ஜில் மெலினாவிடம் பேசுவதற்கு முன். பிசியில் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் எல்டன்ரிங், அதற்குள் உங்கள் ஸ்டீம் எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே வேறு இடத்தில் காப்பி செய்து, தேதியும் இடமும் சேர்த்துப் பெயர் வையுங்கள். கேமை முழுதாக மூடிய பிறகுதான் காப்பி எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் கோப்பு பாதியில் அறுந்து, பிறகு லோடு ஆகாமல் போகலாம். பழையதைத் திரும்ப வைக்கும்போது கிளவுடா லோக்கலா என்று ஸ்டீம் கேட்டால் லோக்கலைத் தேர்ந்தெடுங்கள். பிஎஸ்5 பதிப்பில் சேவ் கோப்பை பென்டிரைவுக்கு மாற்ற முடியாது, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் கிளவுட் மட்டுமே வழி. சந்தா இல்லாதவர்கள் குழுவில் ஆளுக்கு ஒரு வழியாகப் பிரித்துக்கொள்ளலாம்: ஈரோட்டுக்காரர் ஃபோர்ஜ் வழி போகட்டும், திருப்பூர்க்காரர் ஃப்ரென்ஸீட் வழி போகட்டும்.

கேள்வியை உடைப்பது

“மெலினா யார்?” என்பது ஒரே தியரிக்கு அடங்காத கேள்வி. தாய் யார், உடம்பு எப்படிப் போனது, இடது கண் ஏன் மூடியிருக்கிறது, குளோம் ஐட் குயின் (அந்திக் கண் ராணி) என்று பெயர் மட்டும் அடிபடும் ராணி இவள்தானா என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் ஆதாரத்தின் பலம் வேறு வேறு. சேர்த்துப் பேசினால், முதல் கேள்விக்கு இருக்கும் பலத்தைக் கடைசிக் கேள்விக்குக் கடன் கொடுத்துவிடுவோம். பெரும்பாலான தியரிகள் சரிவது இங்கேதான்.

ஆதாரப் பட்டியல்

எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு ஷீட் போதும். ஏழு கட்டம் வையுங்கள்: எண், கேமில் உள்ள வாசகம் எழுத்துக்கு எழுத்து, எங்கே கிடைத்தது, சொல்வது யார், தரம், இது எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை. கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் எல்லோருக்கும் கை வராது. அது காலியாக இருந்தால் அந்த ஆதாரத்தைப் பேச்சில் எடுக்காதீர்கள்.

வாசகத்தை நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஸ்டீமில் எஃப்12, பிஎஸ்5-ல் கிரியேட் பட்டன், ஒரு படம் எடுத்து ஷீட்டில் இணைத்துவிடுங்கள். தமிழ் விளக்கத்தை வேண்டுமானால் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அப்படி எழுதும்போது “என்று சொல்வார்கள்”, “என்று ஒரு பேச்சு” போன்ற தயக்கச் சொற்கள்தான் முதலில் உதிர்ந்துபோகும். பிளாக் நைஃப் என்ற கொலைகாரக் கூட்டத்தின் உடைக்கு கேம் தரும் குறிப்பைப் பாருங்கள். அந்தக் கொலைகாரர்கள் எல்லோரும் பெண்கள் என்பதை உறுதியாகச் சொல்கிறது. அவர்கள் கேம் உலகின் தெய்வ ராணியான மரிகாவோடு நெருக்கமான நியூமன் இனத்தவர் என்பதை வதந்தியாக மட்டுமே சொல்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியமாகச் சுருக்கி எழுதினால் வதந்தி உண்மையாகிவிடும். அதன் மேல் எழுப்பும் தியரி எதுவும் நிற்காது.

தரம் பிரிப்பதில் நான்கு படி போதும். முதல் படி, தயக்கமில்லாத ஐட்டம் குறிப்பு. இரண்டாவது, பாத்திரங்கள் வாயால் சொல்வது. அவர்கள் பொய் சொல்லலாம், தெரியாமலும் பேசலாம். மூன்றாவது, கண்ணால் பார்ப்பவை: சிலை, உடை, கண், தழும்பு. நான்காவது, கேமில் வராமல் கோப்புகளுக்குள் மட்டும் கிடக்கும் வெட்டப்பட்ட வசனங்கள். இந்த நான்காம் படியை வைத்து எந்தத் தியரியையும் தொடங்க வேண்டாம். வெட்டியதற்குக் காரணம் கதை மாறியதாகவே இருக்கலாம். நம்ம பக்கம் அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பாடும்போது ஊருக்கு ஊர், பாடுபவருக்குப் பாடுபவர் சம்பவம் மாறும். கேட்டுப் பழகியவர்கள் “இது யார் பாடினது” என்று விசாரித்துவிட்டுத்தான் பேசுவார்கள். நான்காவது கட்டத்தில் “சொல்வது யார்” என்று வைத்திருப்பது அதற்காகத்தான்.

விடை தெரிந்த கணக்கில் பழகுங்கள்

மெலினாவுக்குப் போகும் முன் மரிகா, அவளுடைய இரண்டாம் கணவன் ராடகன் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே கேமே விடை வைத்திருக்கிறது. குயின்ஸ் பெட்சேம்பரில் மெலினா மூலமாகக் கேட்கும் மரிகாவின் வார்த்தைகளில், ராடகனை “என் இன்னொரு நான்” என்று அழைக்கும் வரி உண்டு. அதைக் குறித்துக்கொண்டு, உங்கள் முடிவையும் எழுதி வைத்துவிட்டு, பிறகு லேன்டெலில் இருக்கும் ராடகன் சிலைக்கு முன் லா ஆஃப் ரிக்ரெஷன் மந்திரத்தைப் போடுங்கள். அதற்கு உங்கள் பாத்திரத்தின் இன்டெலிஜென்ஸ் ஸ்டாட் 37 வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் ரென்னாலா என்ற பாத்திரத்திடம் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்து ஸ்டாட்டை மாற்றிக்கொள்ளலாம். சிலை உருமாறி, ராடகன்தான் மரிகா என்ற விடை திறக்கும். அந்த விடைக்கு உங்கள் ஷீட்டில் எந்த வரி உதவியது, எந்த வரி வெறும் அலங்காரமாக நின்றது என்று பாருங்கள். இந்த கேம் எப்படித் துப்பு கொடுக்கிறது என்பது அப்போது கைக்குப் பழகும்.

மெலினா: நான்கு கேள்விகளும்

தாய் யார் என்பதில் ஆதாரம் நல்ல பலம். கேம் உலகின் பெரிய பொன்மரமான எர்ட்ட்ரீயின் அடியில் பிறந்ததாக அவளே சொல்கிறாள். எர்ட்ட்ரீக்குள்ளே இருக்கும் தாய் தனக்கு ஒரு கடமையைத் தந்தாள் என்றும் சொல்கிறாள். எர்ட்ட்ரீக்குள் அடைபட்டிருப்பவள் மரிகா. மரிகாவின் வார்த்தைகளை அப்படியே ஒப்பிப்பவளும் மெலினாதான். எல்லாம் இரண்டாம் படி ஆதாரம் என்றாலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. “மரிகாவின் மகள்” என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை, அதைக் கடைசிக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். இங்கே பலரும் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு வருவார்கள்: மரிகாவின் பிள்ளைகள் மலேனியா, மிகெல்லா, மார்காட், மோக், மெஸ்மர் எல்லாம் ‘ம’ வரிசை, மெலினாவும் அப்படியே என்று. மரிகாவின் நிழலான மாலிகெத்தும் ‘ம’ தான், பிள்ளை இல்லை. மில்லிசென்ட்டும் ‘ம’ தான், மலேனியாவிலிருந்து வந்தவள். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தூணாக வைக்க முடியாது.

உடம்பு போனது எப்படி என்பதில் கையில் இருப்பது குறைவு. எரிந்து உடம்பில்லாமல் இருப்பதாக அவள் சொல்வது ஒன்று. டிஎல்சியில் மெஸ்மரோடு தொடர்புடைய ஒரு பொருளின் குறிப்பு, அவனுடைய தங்கைக்கும் அவனைப் போலவே நெருப்பின் காட்சி இருந்தது என்கிறது. தங்கையின் பெயர் அங்கே இல்லை. எர்ட்ட்ரீயை எரிக்கத் தன்னையே கொள்ளியாகக் கொடுப்பவள் மெலினா என்பதால் இந்த வரி அவளுக்கு அருமையாகப் பொருந்துகிறது. பொருந்துவதை மூன்றாம் படிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கண் விஷயத்தில் படம் எடுப்பதே பாதி வேலை. முடிவுக் காட்சியில் திறக்கும் கண் மங்கலான ஊதாவாகத் தெரிகிறது. ஆனால் நிறத்தை வைத்து வாதாடும் முன் திரையின் எச்டிஆர் அமைப்பை அணைத்துவிட்டு, உங்கள் சொந்த ஆட்டத்திலிருந்து படம் எடுங்கள். சுருக்கி ஏற்றிய வீடியோவில் அவ்வளவு சின்ன இடத்தின் நிறம் நம்பக்கூடியதாக இருக்காது. காட்சியின் வெளிச்சமும் நிறத்தை இழுக்கும். கண் மூடியிருக்கும்போது அதன் மேலுள்ள நகத்தடம் போன்ற குறியையும் அருகில் எடுங்கள். பக்கத்திலேயே மெஸ்மரையும் வையுங்கள்: சண்டையின் நடுவில் அவன் தன் கண்ணைப் பிடுங்கி நசுக்கிய பிறகுதான் உள்ளே அடைத்து வைத்த பாம்பு வெளியே வருகிறது. ஒரே குடும்பத்தில் இரண்டு கண்கள், இரண்டும் எதையோ அடக்கி வைத்திருக்கின்றன என்ற வாதத்துக்கு இந்த இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும்.

நான்காவதுதான் எல்லோரும் சண்டை போடும் இடம். கேலிட் டிவைன் டவரில் கிடைக்கும் காட்ஸ்லேயர்ஸ் கிரேட்ஸ்வார்ட் என்ற வாளின் குறிப்பு, குளோம் ஐட் குயின் கருந்தீ ஏந்தும் காட்ஸ்கின் அப்போசல்களை ஆண்டாள், மாலிகெத்திடம் தோற்றாள் என்கிறது. கருந்தீ மந்திரம் ஒன்றின் குறிப்பு, அவள் எம்பிரியன் (அடுத்த தெய்வமாகும் தகுதி உள்ளவள்) என்று சொல்லப்படுவதாகத் தயங்கிச் சொல்கிறது. மெலினா பக்கம் பார்த்தால், கண் திறந்ததும் அவள் நமக்குத் தருவதாகச் சொல்வது டெஸ்டின்ட் டெத் (விதிக்கப்பட்ட மரணம்). அவளுடைய பிளேட் ஆஃப் காலிங் கத்தியின் குறிப்பும் நெருப்போடு நடப்பவர் ஒருநாள் டெஸ்டின்ட் டெத்தின் பாதையைச் சந்திப்பார் என்று முடிகிறது. கண்ணும் மரணமும் சேர்ந்துவிட்டன, ஆகவே இருவரும் ஒருவரே என்பது தியரி.

இதில் உள்ள ஓட்டை காலம். மாலிகெத் டெஸ்டின்ட் டெத்தைப் பூட்டியதும் கருந்தீ தன் உண்மையான பலத்தை இழந்தது. மெண்டிங் ரூன் ஆஃப் தி டெத் பிரின்ஸின் குறிப்புப்படி, டெஸ்டின்ட் டெத்தை அடைத்ததால்தான் மரிகாவின் ஆட்சிமுறையான கோல்டன் ஆர்டரே உருவானது. அப்படியானால் ராணியின் தோல்வி மிகப் பழைய காலத்துக்குப் போகிறது. எர்ட்ட்ரீயின் அடியில் பிறந்த ஒரு பெண், அந்தக் காலத்துக்குள் வளர்ந்து, படை திரட்டி, தாயின் நிழலோடு போரிட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பும் வாசகம் ஒன்றும் கேமில் இல்லை. எங்கள் கணிப்பில், தோற்ற ராணியின் சக்தி ஏதோ ஒரு வகையில் மெலினாவின் கண்ணுக்குள் அடைக்கப்பட்டது என்பது இருவரும் ஒருவரே என்பதைவிடக் குறைவான யூகத்தில் நிற்கிறது. காலச் சிக்கலும் அதில் வராது.

சபையில் வைப்பது

தியரியை எழுதும்போது முதல் வரியில் முடிவைச் சொல்லிவிடுங்கள். அடுத்து ஆதாரங்களைத் தர வரிசையில் வையுங்கள். அதற்கு அடுத்து, எந்த ஒரு வரி கேமில் கிடைத்தால் இந்தத் தியரி உடையும் என்பதை எழுதுங்கள். மெலினாதான் அந்த ராணி என்ற தியரிக்கு அது எளிது: ராணி தோற்றது எர்ட்ட்ரீ முளைப்பதற்கு முன் என்று தயக்கமில்லாத குறிப்பு ஒன்று கிடைத்தால் போதும். எதனாலும் உடையாத தியரி என்றால் அது எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

குழுவில் ஒருவரை மறுப்பதற்கென்றே உட்கார வையுங்கள். அவர் கேட்க வேண்டியது ஒன்றே: “ஏனுங்க, இது எந்த ஐட்டத்துல இருக்குதுங்க?” பதில் ஷீட்டின் எண்ணாக வர வேண்டும், “எல்லாரும் சொல்றாங்க” என்று வரக்கூடாது. பழைய வீடியோவை யாராவது காட்டினால் தேதியைப் பாருங்கள். 2022 மார்ச்சில் வந்த 1.03 அப்டேட் நெஃபெலி, டயலாஸ், கென்னத் ஹைட் என்ற பாத்திரங்களின் கதைகளில் புதிய கட்டங்களைச் சேர்த்தது, அதற்கு முந்தைய வீடியோக்களில் அவை இருக்காது. யாரிடமாவது ஜப்பானிய மொழிப் பதிப்பு படிக்க ஆள் இருந்தால், சர்ச்சைக்குரிய வரிகளை மட்டும் அதில் ஒப்பிடச் சொல்லுங்கள். தயக்கச் சொல் இரண்டிலும் இருக்கிறதா என்று பார்த்தாலே பல வாதங்கள் தீர்ந்துவிடும்.

உடைந்த தியரியை ஷீட்டிலிருந்து அழிக்க வேண்டாம். எந்த வரி உடைத்தது என்று பக்கத்தில் எழுதி, தனித் தாளுக்கு மாற்றுங்கள். ஆறு மாதம் கழித்துக் குழுவுக்குப் புதிதாக வருபவர் அதே தியரியைக் கொண்டு வருவார். அந்தத் தாளைக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.