மொஸ்கிட்டோ ஓட்டுகிறீர்களா? முதலில் காலைக் கவனியுங்கள்

டிசிஎஸ் என்ற கம்ப்யூட்டர் விமான சிமுலேட்டரில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் விமானமான மொஸ்கிட்டோவை முதன்முதலாக ஓட்ட உட்காருகிறவர் அநேகமாக ஓடுபாதையின் இடது ஓரப் புல்லில்தான் போய் நிற்பார். மறுமுறையும் அதே இடம். உடனே ஜாய்ஸ்டிக் சரியில்லை என்பார், ரடரை, அதாவது காலடிப் பெடலால் திருப்பும் வால் தகட்டை, தானாக இயக்கும் ஆட்டோ ரடரைச் செட்டிங்கில் தட்டிவிடுவார். ஜெட் விமானத்தில் பழகியவருக்குக் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். மொஸ்கிட்டோ தரையில் உருள்வதிலிருந்து ஒற்றை இன்ஜினோடு திரும்பி வருவதுவரை காலை நம்பித்தான் பறக்கிறது. கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை காலில் போய்த்தான் முடியும்.

1940 நவம்பர் 25 அன்று முதல்முறை பறந்த விமானம் இது. உடம்பெல்லாம் மரம்: பர்ச் ப்ளைவுட் இரண்டு அடுக்குக்கு நடுவே பால்சா கட்டை. சிமுலேட்டரில் கிடைக்கும் எஃப்பி 6 ரகத்துக்கு மெர்லின் இன்ஜின் இரண்டு. மூக்கில் நான்கு இயந்திரத் துப்பாக்கி, வயிற்றில் நான்கு 20 மிமீ பீரங்கி. நமக்கு முக்கியமான சங்கதி வேறு. விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் இரண்டு புரொப்பெல்லரும் வலஞ்சுழியாகவே சுற்றுகின்றன. பி-38 லைட்னிங்கில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் இழுப்பு ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். மொஸ்கிட்டோவில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு இழுப்பும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் தள்ளும்.

தரையும் நாற்காலியும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு முதல் தவறு விமானத்தில் ஏறுமுன்பே நடந்துவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, துடைத்துத் துடைத்து வழவழவென்று இருக்கும். அதன்மேல் உருளை வைத்த ஆபீஸ் நாற்காலி. வலது பெடலை அழுத்தினால் நாற்காலி பின்னால் நகரும், பெடல் முன்னால் வழுக்கும். முழு ரடர் கொடுத்ததாக நினைப்பீர்கள். விமானத்துக்குப் போனது பாதிதான். விமானம் இடப்பக்கம் இழுக்கிறதே என்று இன்னும் அழுத்துவீர்கள். நாற்காலி சுவரில் முட்டி நின்றதும் முழு ரடரும் ஒரே நொடியில் போய்ச் சேரும். இப்போது வலப்பக்கப் புல்.

இதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது, ஒரு பலகை போதும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், முக்கால் அங்குல ப்ளைவுட். முன்பகுதியில் பெடலை போல்ட் போட்டு முறுக்குங்கள். பின்பகுதியில் நாற்காலி உருளைகள் வெளியே போகாதபடி ஓர் அங்குல உயரத்துக்குச் சட்டம் அடியுங்கள். உருளையைக் கழற்றிவிட்டுக் குமிழ்க்கால் மாட்டினால் இன்னும் நல்லது. பலகைக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் ஒட்டினால் வழுக்காது, கல்லிலும் கீறல் விழாது. பெடலைத் தரையோடு பிணைக்கிறேன் என்று கல்லில் ட்ரில் போட்டுவிடாதீர்கள். உடைந்த கல்லுக்கு அதே பூவும் நிறமும் திரும்பக் கிடைப்பது கஷ்டம். பழைய மரச்சாமான் கடையில் அகலமான தேக்குப் பலகை அகப்பட்டால் அதுவும் உதவும். தூரத்துக்கு அளவு இது: வலது பெடலைக் கடைசிவரை அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும், குதிகால் பலகையைவிட்டு எழக்கூடாது.

தலையசைவைப் பின்தொடரும் கருவி வைத்திருப்பவர்கள் வளவை (வீட்டு நடு முற்றத்தை) பார்த்து உட்காருங்கள், வளவுக்கு முதுகு காட்டாதீர்கள். கேமரா மானிட்டர்மேல் இருந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறது. பின்னாலிருந்து முற்றத்து வெயில் நேராக அதில் விழுந்தால், தொப்பியில் மாட்டிய அகச்சிவப்பு விளக்கு எது, வெயில் எது என்று அதற்குப் பிரித்துத் தெரியாது. ஓடுபாதையில் மணிக்கு 80 மைல் வேகத்தில் பார்வை திடீரென்று வானத்துக்குத் தாவினால் எந்தக் காலாலும் காப்பாற்ற முடியாது.

கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலர் விட்டுவிடுவது யுஎஸ்பி விஷயம். மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ் சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவிகளைத் தூங்க வைக்கும். நேரான பறப்பில் பெடலைத் தொடாமல் இருந்துவிட்டு, இறங்கும்போது அழுத்தினால் பெடல் எழுந்திருக்காது. பவர் ஆப்ஷனில் செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை அணைத்துவிடுங்கள்.

ஒரே ரடருக்கு மூன்று எஜமானர்கள்

புதுக் கருவி எதைச் செருகினாலும் டிசிஎஸ் தானாகவே அதற்கு அச்சுகளை ஒதுக்கிவிடும். ஜாய்ஸ்டிக்கின் திருகு, த்ராட்டிலின் ஏதோ ஒரு குமிழ், பெடல் மூன்றும் ஒரே ரடரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெடலை அழுத்தும்போது த்ராட்டில் குமிழ் சிறு நடுக்கம் கொடுத்தால் ரடர் நடுவுக்குத் துள்ளும். விமானம் பைத்தியம் பிடித்ததுபோல ஆடுகிறது என்று வருகிற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஆப்ஷன்ஸ், கன்ட்ரோல்ஸ், மொஸ்கிட்டோ, ஆக்சிஸ் கமாண்ட்ஸ் என்று உள்ளே போங்கள். ரடர் வரிசையில் பெடல் கட்டத்தைத் தவிர மற்றதையெல்லாம் அழியுங்கள். பிட்ச் (மூக்கு ஏறி இறங்குவது), ரோல் (பக்கவாட்டில் சாய்வது) வரிசைகளிலும் இதே வேலை. த்ராட்டிலை இடது, வலது என்று தனித்தனி அச்சில் போடுங்கள். ஆர்பிஎம் நெம்புகோலுக்கும் முடிந்தால் அப்படியே. ஒரே த்ராட்டில்தான் இருக்கிறது என்றால் இரண்டு இன்ஜினையும் அதில் போட்டுவிட்டு, தனித்தனியாக ஏற்றி இறக்கக் கீபோர்டு பொத்தான்களை ஒதுக்குங்கள். அது இல்லாமல் இன்ஜின் செத்தால் வழியே கிடையாது.

ரடருக்கு வளைவு (நடுவில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 15 முதல் 20 வரை வையுங்கள். டெட்சோன் (நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) 2, 3க்கு மேல் வேண்டாம். பிறகு விமானத்தில் உட்கார்ந்து வலது கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மூலையில் சிறு கட்டம் தோன்றும். பெடலை மெதுவாக அழுத்தும்போது அதில் உள்ள குறி துள்ளாமல் நகர்ந்தால் வேலை முடிந்தது.

பிரேக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. மொஸ்கிட்டோவில் கால்விரல் பிரேக் கிடையாது. காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக்குக்கான நெம்புகோல் கன்ட்ரோல் தண்டில் இருக்கிறது. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதைப் பெடல்தான் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே பிரேக்கை ஏதாவது ஓர் அச்சில் போடுங்கள். பொத்தானில் போட்டால் முழு பிரேக் ஒரேயடியாக விழுந்து மூக்கு குத்தும். தரையில் திரும்புவதற்கும் பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தால் காற்று தீர்ந்துபோகும். வெளிப்பக்க இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றித் திரும்புவதே முறை.

இடப்பக்கப் புல்லைத் தவிர்க்க

ஓடுபாதைக்கு வந்ததும் உடனே த்ராட்டிலைத் தள்ளாதீர்கள். சில மீட்டர் நேராக உருண்டு நில்லுங்கள். வால்சக்கரம் கோணலாக இருந்தால் முதல் நொடியிலேயே அது விமானத்தைத் திருப்பிவிடும்.

ட்ரிம் (கை, கால் அழுத்தாமலே விமானத்தை ஒரு நிலையில் வைக்கும் திருகு): எலிவேட்டர் சற்று மூக்கு கீழ், ரடர் சற்று வலது, எய்லரான் நடுவில். ஆர்பிஎம் நெம்புகோல் இரண்டும் முன்னால் கடைசிவரை. சூப்பர்சார்ஜர் சுவிட்ச் மாட் நிலையில். ரேடியேட்டர் திறந்திருக்கட்டும். சுமை இருந்தால் ஃப்ளாப் (இறக்கையின் பின்னால் இறங்கும் தகடு) 15 பாகை.

இப்போது த்ராட்டில். பத்து நொடி எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமே இல்லை. இடது நெம்புகோல் வலதைவிட ஓர் அங்குலத்தில் பாதி முன்னால் போகட்டும். இடது இன்ஜின் கூடுதலாகத் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகப் பார்க்கும். அது இயற்கையான இடது இழுப்பை அடக்கும். தொடக்கத்தில் ரடர்மேல் காற்று போதாது, பெடல் மட்டும் அழுத்தினால் பலன் கொஞ்சம்தான். வேகம் ஏற ஏற ரடருக்கு உயிர் வரும். அப்போது வலது நெம்புகோலையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். சுமை குறைவாக இருந்தால் பழகும்வரை +9 பூஸ்டுக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றின் கூடுதல் அழுத்தம்) மேல் ஏற்ற வேண்டியதில்லை.

வால் தூக்கும் நேரம்தான் பலருக்குத் தெரியாத பொறி. தண்டை வெடுக்கென்று முன்னால் தள்ளினால், சுழலும் இரண்டு பெரிய புரொப்பெல்லர்களும் பம்பரம்போல நடந்துகொண்டு, மூக்கு இறங்குவதோடு இடப்பக்கமும் திரும்பும். ஓட்டத்தைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்று நிம்மதியாகும் நேரத்தில் இரண்டாவது இழுப்பு வருவது இதனால்தான். வாலை மெதுவாக எழவிடுங்கள், எழும்போதே வலது காலை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள்.

தரையைவிட்டதும் மூக்கைத் தூக்கிக் காட்டும் ஆசை வேண்டாம். சக்கரத்தை மடக்கி, தாழப் பறந்து வேகம் சேருங்கள். மனதில் 170 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு எரிபொருளும் குண்டும் இருந்தால் இன்னும் கூட. அதற்கு முன் ஓர் இன்ஜின் நின்றால், மிச்சமுள்ள இன்ஜினின் இழுப்பை ரடரால் தாங்க முடியாது.

இன்ஜினை வேகவைப்பது

மெர்லின் 25க்கு வரம்புகள் கண்டிப்பானவை. 3000 ஆர்பிஎம், +18 பூஸ்ட் என்றால் ஐந்து நிமிடம். ஏறும்போது 2850, +9. தொடர்ந்து பறக்க 2650, +7. சக்தியைக் கூட்டும்போது முதலில் ஆர்பிஎம், பிறகு பூஸ்ட். குறைக்கும்போது முதலில் பூஸ்ட், பிறகு ஆர்பிஎம். இந்த வரிசை மாறினால் குறைந்த சுற்றில் மிகுந்த அழுத்தம் ஏறி இன்ஜின் உள்ளே அடிவாங்கும். உடனே நிற்காது, சில நிமிடம் கழித்து, காரணம் மறந்துபோன பிறகு நிற்கும்.

மிஷன் எடிட்டரில் வெப்பநிலையை நம்மூர்ச் சித்திரைக்கு ஒப்பாக 38 என்று வைத்து ஒருமுறை பறந்து பாருங்கள். மெல்லிய காற்றில் ஓட்டம் நீளும், தரையில் நிற்கும்போதே கூலன்ட் முள் மளமளவென்று ஏறும். செட்டிநாட்டிலும் அந்தப் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று உண்டு. டிசிஎஸ்ஸில் நம் பக்கத்து நிலப்படம் இல்லை என்பதால் வெப்பத்தை மட்டும்தான் கொண்டுபோக முடியும். ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டரைத் திறக்க மறப்பதும், சாவகாசமாக மேப் பார்ப்பதும் சேர்ந்தால் ஓடுபாதைக்கு வருமுன்பே கொதித்துவிடும். மேப்பை இன்ஜின் ஓடாதபோதே பார்த்து முடியுங்கள்.

ஓர் இன்ஜின் நின்றால்

தப்பான இன்ஜினை அணைப்பதுதான் இங்கே ஆளைக் கொல்லும் தவறு. மீட்டரைப் பார்த்துத் தீர்மானிக்கப் பார்க்கிறார்கள். நின்ற இன்ஜினின் புரொப்பெல்லரைக் காற்று சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆர்பிஎம் முள் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும். காலைக் கேளுங்கள். விமானத்தை நேராக வைக்க வலது கால் அழுத்திக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் சும்மா இருப்பது இடது கால், செத்ததும் இடது இன்ஜின். உறுதி செய்ய அந்தப் பக்கத் த்ராட்டிலை மெதுவாகப் பின்னால் இழுங்கள். விமானத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் சரியான இன்ஜினைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

பிறகு அந்தப் பக்க ஃபெதர் பொத்தான், அதாவது நின்ற புரொப்பெல்லரின் தகடுகளைக் காற்றை எதிர்க்காதபடி திருப்பும் பொத்தான். அது தானாக உள்ளே நிற்கும்வரை அழுத்திவிட்டு விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் தானே வெளியே வரும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் தகடு திரும்பவும் பழைய கோணத்துக்கு வந்துவிடும். எரிபொருளை மூடுங்கள், ரேடியேட்டரை மூடுங்கள், சுழற்சி நின்றதும் இக்னிஷன். ஓடுகிற இன்ஜின் பக்கமாக ஐந்து பாகை சாய்த்துப் பறந்தால் கால் வலி பாதியாகும், மிச்சத்தை ரடர் ட்ரிம் பார்த்துக்கொள்ளும். வேகம் குறைந்து விமானம் உருளத் தொடங்கினால் கை தானாகவே த்ராட்டிலை முன்னால் தள்ளும். அதைத் தடுத்தாக வேண்டும். ஓடுகிற இன்ஜினைக் குறைத்து, மூக்கை இறக்கி வேகம் எடுங்கள்.

5000 அடியில், 220 மைலில் பழகுங்கள். முதலில் வலதை அணைத்துப் பாருங்கள், பிறகு இடதை. இடது போனால் நிலைமை மோசம். மூக்கு மேல்நோக்கி இருக்கும்போது புரொப்பெல்லரின் கீழே வரும் பக்கம், அதாவது வலப்பக்கம், அதிகம் இழுக்கும். வலது இன்ஜினுக்கு அந்தப் பக்கம் உடம்பிலிருந்து தள்ளியிருப்பதால் திருப்பும் வலு கூடுதல்.

இறங்குவது

சக்கரம் 180 மைலுக்குக் கீழே, முழு ஃப்ளாப் 150க்குக் கீழே. கடைசி அணுகலில் சுமார் 125. வேகமாக வந்து தரையில் அழுத்தி உட்கார வைக்கப் பார்ப்பதால்தான் துள்ளுகிறது. துள்ளினால் தண்டைத் தள்ளாதீர்கள். பிடித்தபடி வைத்துக்கொண்டு கொஞ்சம் சக்தி கொடுங்கள். தரையில் உட்கார்ந்தபின்னும் காலை எடுக்க முடியாது, வேகம் குறையக் குறைய வால் சுற்றப் பார்க்கும்.

ஒற்றை இன்ஜினில் வந்தால் ஹைட்ராலிக் பம்ப்பும் ஒன்றுதான் மிச்சம், சக்கரம் இறங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். முன்கூட்டியே இறக்குங்கள். ஓடுபாதையை நிச்சயம் எட்டிவிடுவோம் என்று தெரியும்வரை முழு ஃப்ளாப் போடாதீர்கள். அதைப் போட்டபின் சுற்றிவர முடியாது. த்ராட்டிலை மூடும்போது, ஏற்கெனவே கொடுத்து வைத்த ரடர் ட்ரிம் எதிர்ப்பக்கம் இழுக்கும். கடைசி வளைவுக்கு முன்பே அதை நடுவுக்குக் கொண்டுவந்து, மிச்சத்தைக் காலால் பிடியுங்கள்.