கால் எரிவுக்குப் பனடோல் ஏன் கேட்பதில்லை?
நீரிழிவு உள்ள பலருக்கு இரவில் பாதம் எரியும், ஊசி குத்துவது போல இருக்கும். கல்லடியில் இருக்கும் என் மாமி இதற்கு மாதக்கணக்காகப் பனடோல் போட்டுப் பார்த்தார், சுகமில்லை. சேதப்பட்ட நரம்பு தானாகவே வலிச் செய்தி அனுப்புவதுதான் காரணம்.

டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் என்ற வலிக்குளிசைகள் வீக்கத்தில் உருவாகும் புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனத்தைக் குறைப்பவை; நரம்பே அனுப்பும் வலிக்கு இவையும் பெரிதாகக் கேட்பதில்லை. சிறுநீரக இரத்த ஓட்டத்துக்கும் அந்த இரசாயனம் தேவை. அம்பாறைப் பக்கம் வயல்வெட்டு நாளில் வெயிலில் காய்ந்து வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் இவற்றைப் போடாதீர்கள்.

நரம்பு வலிக்குக் கொடுக்கிற ப்ரீகாபலின், காபாபென்டின் வேலை செய்வது வேறு வழியில். நரம்பு முனையில் கல்சியம் நுழையும் வாசலை ஒடுக்குகின்றன. வலியைக் கடத்தும் இரசாயனம் குறைவாக வெளியேறும். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து. முள்ளந்தண்டில் வலியை அடக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாட்டை அது பலப்படுத்தும். 'மனநோய்க் குளிசை' என்று பயந்து மாமி அதை ஒளித்து வைத்துவிட்டார். தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம்.

இவை ஒரே இரவில் கேட்காது, சில கிழமைகள் ஆகலாம். முதல் நாட்களில் தூக்கமும் தலைச்சுற்றும் வரும். மோட்டார் சைக்கிள் ஓட்டவேண்டாம், இரவில் எழும்பும்போது மெதுவாக எழும்புங்கள். சிறுநீரகம் பலவீனம் என்றால் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள், ப்ரீகாபலின் அளவைக் குறைப்பார். வலி குறைந்ததும் திடீரென நிறுத்தாமல், அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.