பையர் மெயிலிலிருந்தே ஆங்கிலச் சொல் சேர்க்கலாம்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் (ஆடை ஆர்டர்களைக் கவனிப்பவர்) வேலைக்குப் போகிறவர்கள் டிக்‌ஷனரியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். பையர், அதாவது ஆடை வாங்கும் நிறுவனம், அனுப்பும் மெயிலிலேயே தேவையான சொற்கள் இருக்கின்றன. நாளுக்கு 5 போதும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு அட்டை போடுங்கள். அதன் முன்பக்கம் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். மெயிலில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, சொல்லை அடிக்கோடிடுங்கள். பின்பக்கம் தமிழில் பொருள், உச்சரிப்பு. 'ஷேட்' என்று தேடினால் நிழல் என்று வரும். டையிங்கில், அதாவது சாயம் ஏற்றும் வேலையில், அது துணியின் நிறச்சாயல். 'டிஸ்கஸ்' பொருள் தெரிந்தவர்கள்கூட அதன்பின் 'அபௌட்' சேர்த்துத் தப்பாக எழுதுவது, சொல்லைத் தனியாகப் படித்ததாலும்தான்.

மறுநாள், பிறகு 3, 7, 15ஆம் நாள் அட்டையை எடுங்கள். திருப்பும் முன் பொருளை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். சும்மா திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரிதான் இருக்கும், பேசும்போது வாயில் வராது. தவறினால் அந்த அட்டை மறுபடி முதல் நாளுக்கு. செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய, அட்டைகளைப் பெட்டிகளில் பிரித்து வைத்துப் படிக்கும் முறைக்கும் இதுதான் அடிப்படை.

'அக்செப்ட்', 'எக்செப்ட்' போல ஒலி நெருங்கிய ஜோடியை ஒரே நாளில் எடுத்தால் இரண்டும் குழம்பும். ஒன்று பதிந்து 2 வாரம் கழித்து மற்றதை எடுங்கள்.